விளக்குமாற்றோடு மாப்பிள்ளை அழைப்பு

மரத்தில் குடைந்த முகமூடிக்குள் மூச்சு விடுவது சுலபமான காரியமில்லை. உள்ளே வார்னிஷ் மணக்கும். நமக்கு முன் அதைப் போட்டவர் இழுத்த சிகரெட்டும் மணக்கும். நாம் விடும் மூச்சே நீராகி நாடியில் சொட்டும். கண்ணுக்கென்று இரண்டு சிறிய துவாரங்கள். அவற்றின் வழியே எதைப் பார்த்தாலும் பாதிதான் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை நான் முதலில் நேருக்கு நேர் பார்த்தது அந்தத் துவாரங்கள் வழியாகத்தான். கையில் விளக்குமாறு. உடம்பில் ஒட்டுப் போட்ட பாவாடையும் கந்தல் சட்டையும். அதற்குள்ளே அம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை. சுற்றிலும் கணுக்கால் புதையப் பனி.

நல்ல குடும்பத்துப் பெண் இந்தக் கோலத்தில் எப்படி நடுத்தெருவுக்கு வந்தாள் என்று சொல்ல வேண்டுமானால், எங்கள் ஊர் வெயிலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெயில் மூலை

ஜெர்மனியில் இத்தனை தமிழர் இருக்க, நீங்கள் மட்டும் ஏன் தனியாக ஒரு மூலையில் போய்க் குந்தியிருந்தீர்கள் என்று, சென்ற வாரக் கட்டுரையைப் படித்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மணி, நாங்கள் குந்தவில்லை, குந்த வைத்தார்கள். அகதியாக வந்தவர்களை எந்த ஊருக்கு அனுப்புவது என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ தீர்மானிப்பார்கள். எங்கள் சொந்தக்காரர் பலருக்கு வடக்கே ஹம் நகரப் பக்கம் வாய்த்தது. எங்களுக்குத் தெற்கே, ரைன் நதிச் சமவெளியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன நகரம். அங்கே தமிழ் வீடு என்றால் எங்கள் வீடு மட்டும்தான். கறிவேப்பிலைக்கு ரயில் ஏற வேண்டும்.

ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. ஜெர்மனியிலேயே சூரியன் விரும்பித் தங்கும் மூலை தங்களுடையது என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். எதிர் வீட்டுக் கிழவர் முற்றத்தில் அத்தி மரம் வளர்த்தார். மார்கழியிலும் சிலர் காப்பிக் கடைக்கு வெளியே கதிரை போட்டுக் காலாட்டிக்கொண்டிருப்பார்கள். பனி என்பது அவர்களுக்கு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வரும் வாழ்த்து அட்டையில் பார்க்கும் பொருள். எப்போதாவது நாலு துகள் விழும். மத்தியானத்துக்குள் கரைந்துவிடும்.

எங்கள் கலியாணத் தரகர் அண்ணையும் இந்த வெயிலைத்தான் விற்றார். வீட்டை விட்டு அசையாமல், தொலைபேசியிலேயே பாதி ஜெர்மனிக்குக் கலியாணம் பேசிய மனிதர் அவர். "குளிருடுப்பு ஒண்டும் தேவையில்லை. அங்கை எங்கடை ஊர் வெயில்தான் எறிக்குது. வேட்டி சால்வையோடை போங்கோ, மரியாதையாயிருக்கும்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார். அவர்களும் நம்பிவிட்டார்கள்.

வாய் திறக்கக் கூடாத நாள்

நான் அப்போது ஊர் மருத்துவமனையில் தாதியர் பயிற்சியில் இருந்தேன். அவுஸ்பில்டுங் என்பார்கள், படிப்பும் வேலையும் கலந்தது. பாதி முடிந்திருந்தது. முதல் தடவையாகக் கை நடுங்காமல் ஊசி போட்ட அன்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்தப் படிப்பை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை.

தரகர் அண்ணை அதையும் பேசி முடித்திருந்தார். "கலியாணம் முடிஞ்ச கையோடை பிள்ளை ஹம்முக்கு வரட்டும். படிப்பென்ன பெரிய படிப்பு? அங்கை வேலைக்கே குறைச்சல்?"

அப்பா தொலைபேசியில் "ஓம், ஓம்" என்றார். அப்பா நல்லவர். ஆனால் தொலைபேசியில் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியாத இன்சூரன்ஸ் காப்புறுதிகள் பல இருந்தன. எங்களிடம் இல்லாத நாய்க்குக்கூட ஒன்று இருந்தது.

மாப்பிள்ளையிடம் நானே நேரில் கேட்டுவிடுகிறேன் என்றேன். அம்மா அகப்பையை ஓங்கினார்.

"பொம்பிளை பாக்க வாற இடத்திலை பொம்பிளை கேள்வி கேக்கிறதோ? தேத்தண்ணியைக் குடு, கும்பிடு, உள்ளுக்குப் போ. வாய் திறந்தியோ, பிறகு பார்."

தேத்தண்ணித் தட்டோடு வரும் பெண்ணிடம் மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள்? பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்பார்கள். படிப்பை விட உனக்குச் சம்மதமா என்று கேட்கப் போவதில்லை. அப்பா ஓம் என்பார். அத்தோடு என் வெள்ளைச் சீருடை பெட்டிக்குள் போய்விடும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரைக்குப் பிறக்கும். அதற்கு முன் எங்கள் வாசலை மிதித்துவிட வேண்டும். தப்பினால் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்களாம், சம்பந்தமும் இல்லையாம்.

குளிர்காலத்தை விரட்டப் போனவர்கள்

அந்த ஞாயிறு எங்கள் ஊரில் முகமூடித் திருவிழா. குளிர்காலத்தை விரட்டுவதற்காக அந்தப் பக்கங்களில் ஆண்டுதோறும் ஊர்வலம் போவார்கள். ஆணும் பெண்ணும் மரமுகமூடி மாட்டி, கந்தல் உடுத்தி, விளக்குமாறு தூக்கிச் சூனியக்காரிகளாகத் தெருவில் இறங்குவார்கள். ஜெர்மன்காரர்கள் அல்லவா? சூனியக்காரிகளுக்கும் பதிவு செய்த சங்கம் உண்டு, தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு. முகமூடிக்குள் இருப்பது யார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது சங்கத்தின் முக்கிய விதி.

குளிர்காலத்தை விரட்டவென்று ஊரே கூடிய அன்றைக்குத்தான் குளிர்காலம் முழுசாக வந்து இறங்கியது. காலையில் திரைச்சீலையை விலக்கினேன். தெருவைக் காணவில்லை. வேலியைக் காணவில்லை. எல்லாம் வெள்ளை, அதற்கு மேலும் கொட்டிக்கொண்டேயிருந்தது.

பனி தள்ளும் வண்டி ஊருக்கு ஒன்று இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த மனிதர் ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதுபவர். ஊதி முடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். அதுவரை அவரவர் தமக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரி பூனைக்கு வாங்கிய மணலை வாசலில் கொட்டினாள். எதிர் வீட்டுக் கிழவர் தன் மேல்கோட்டைக் கழற்றி அத்தி மரத்துக்குப் போர்த்திவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டு நின்றார். அம்மா எங்கள் படிக்கட்டில் சமையல் உப்பைத் தூவினார். உப்புத் தீர்ந்ததும் மிளகாய்த்தூள் போத்தலைக் கையில் எடுத்து யோசித்தார். நான் பாய்ந்து பறித்துவிட்டேன்.

ஊர்வலத்துக்காகப் பெரிய தெருவை அடைத்திருந்ததால் வாகனங்களை எங்கள் சின்னத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். யாரிடமும் பனிக்கேற்ற டயர் இல்லை. முதலில் ரொட்டி ஏற்றி வந்த பாண் வான் ஒன்று வழுக்கிக் குறுக்கே நின்றது. அதைத் தவிர்க்கப் பார்த்த கார் மதிலோரம் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் வால் நீண்டுகொண்டே போனது. சாதாரண நாளில் ஹார்னைத் தொடவே கூசும் மனிதர்கள் அன்று யாழ்ப்பாண பஸ் நிலையம் மாதிரி அடித்துத் தள்ளினார்கள். எனக்கு அது கேட்க இதமாக இருந்தது.

அப்பா விருந்தாளிகளை எதிர்கொள்ள ஊர் எல்லைக்குப் போயிருந்தார். அவர்கள் மறுபக்கத்தால் திருப்பிவிடப்பட்டு வந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

கபியின் சோபாவில்

"ஒரே மாதிரிக் கோப்பை எங்களிட்டை இல்லை. கீழை போய்க் கபியிட்டை வாங்கிக்கொண்டு ஓடி வா" என்றார் அம்மா. எனக்குச் சேலை உடுத்தி முடித்திருந்தது.

கபி என்னோடு பயிற்சியில் இருந்த ஜெர்மன்காரி. கீழ் மாடியில் குடியிருந்தாள். சூனியக்காரிகள் சங்கத்தில் உறுப்பினர். அன்று காலை, அம்மாவின் உப்புப் போதாமல் போன கடைசிப் படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். வீங்கிய காலின் மேல் ஒரு பை நிறையப் பனியை வைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்குப் போக முடியாத துக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சோபாவில் அவளுடைய முகமூடி கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது.

கோப்பைகளை அடுக்கும்போது ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வாகன வரிசையில் ஒரு வெள்ளை ஓப்பல் கார். எண் பலகையில் ஹம் நகரத்து எழுத்துகள். முன்னிருக்கையில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர், மேல்கோட்டுக்குக் கீழே வேட்டி. பின்னிருக்கையில் கம்பளியால் போர்த்திக்கொண்டு ஓர் அம்மா, தலை சாய்ந்து நித்திரை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்துப்பட்டி கட்டிய இளைஞன். புகைப்படத்தில் பார்த்த அதே மீசை. மாப்பிள்ளை தயாபரன்.

கூப்பிடு தூரத்தில் எங்கள் வாசல். ஆனால் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு, செருப்புக் காலோடு, வேட்டியோடு அந்தப் பனியில் இறங்கி எந்த வீடு என்று தேடுவார்கள்? சுவர்க் கடிகாரம் ராகுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கபியிடம் கொட்டினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முகமூடியையும் கந்தல் உடுப்பையும் விளக்குமாற்றையும் எடுத்து நீட்டினாள்.

"போய்க் கேட்டுவிட்டு வா. நீ யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வாயை மட்டும் திறக்காதே" என்றாள்.

வாயைத் திறக்காமல் எப்படிக் கேட்பது என்று நான் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

கண்ணாடியில் தட்டிய கை

விளக்குமாற்றுப் பிடியால் கார்க் கண்ணாடியில் தட்டினேன். தயாபரன் கண்ணாடியை இறக்கினார். குரலைக் கரகரப்பாக்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டேன். ஹம்மிலிருந்து என்று மரியாதையாகப் பதில் சொன்னார். இதற்குள் பெரியவர் பதறினார்.

"கண்ணாடியை மூடு தம்பி! நல்ல காரியத்துக்கு வாற வழியிலை பேய் விளக்குமாத்தோடை வந்து நிக்குது. சகுனம் சரியில்லை. காரைத் திருப்பு."

"என்னெண்டு மாமா திருப்பிறது? முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது."

எனக்குப் பொறுக்கவில்லை.

"பேயில்லை ஐயா. சூனியக்காரி" என்றேன், சுத்தத் தமிழில்.

மாமாவின் கை தானாகப் போய் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்தது. தயாபரன்தான் முதலில் மீண்டார்.

"நீங்கள் தமிழோ?"

"சூனியக்காரிக்கு எல்லாப் பாஷையும் தெரியும். பொம்பிளை பாக்கப் போறியளோ?"

"ஐயோ முருகா, அதுவும் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா.

"ஸ்னோவுக்கை வேட்டியோடை வாறவை வேறை என்னத்துக்கு வருவினம்? சரி, பொம்பிளை என்ன செய்யிறா?"

"நேர்ஸுக்குப் படிக்கிறா" என்றார் தயாபரன்.

"அப்ப படிப்பு முடியத்தான் கலியாணமோ?"

"அதெல்லாம் தரகர் கதைச்சாச்சு. அவ விட்டிட்டு வருவா" என்று மாமா குறுக்கே விழுந்தார்.

"நான் மாப்பிள்ளையைக் கேட்டனான்."

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார். கண்ணாடி வழியே பின்னிருக்கையைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்து, "பெரியாக்கள் கதைச்சபடி..." என்று இழுத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காரின் கூரையில் குவிந்து கிடந்த பனி முழுவதையும் விளக்குமாற்றால் ஒரே தள்ளாக முன்கண்ணாடி மேல் இழுத்துவிட்டேன். உள்ளே இருண்டுபோனது.

துடைக்க வேண்டுமே, இறங்கி வந்தார். கையுறை இல்லை. காலில் பளபளத்த சப்பாத்து பனிக்குள் மறைந்தது. மாமாவுக்குக் கேட்காமல் கண்ணாடியைத் துடைத்தபடி மெல்லச் சொன்னார்.

"அவவுக்கு ஓமாம் எண்டுதான் தரகர் சொன்னவர்."

"அவவை ஒருத்தரும் கேக்கேல்லை."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"சூனியக்காரிக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. சிவந்துபோன விரல்களைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார்.

"நானும் வந்த புதிசிலை மெக்கானிக் அவுஸ்பில்டுங் செய்தனான். தம்பியாக்களை இஞ்சை கூப்பிடக் காசு வேணும் எண்டு பாதியிலை விட்டிட்டு ஃபக்டரிக்குப் போனன். இப்பவும் ஆரும் கார் பொனற்றைத் திறந்தா எனக்கு வயிறு எரியும். அவவும் அப்பிடி விடக் கூடாது. ஆனா இதை மாமாவுக்கு முன்னாலை நான் என்னெண்டு சொல்லுறது?"

அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எரிச்சலும் வந்தது. சூனியக்காரியிடம் சொல்லத் துணிந்த மனிதருக்கு மாமாவிடம் சொல்லத் துணிவில்லையே!

அப்போது பின்கண்ணாடி கொஞ்சமாக இறங்கியது. நித்திரை என்று நான் நினைத்த அம்மா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"பிள்ளை, கால் குளிரேல்லையோ?"

"இல்லை மாமி" என்றேன். பழக்கதோஷம்.

"அப்ப கதைச்சது காணும். கையிலை விளக்குமாறு வைச்சிருக்கிறீர்தானே, வடிவாக் கூட்டிவிடும். நேரம் போகுது."

டிரம்பெட் முன்னால், மாப்பிள்ளை பின்னால்

ஊர்வலம் முடிந்து சூனியக்காரிகள் கூட்டமாக எங்கள் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். விளக்குமாற்றைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். கபிதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எல்லோரும் கூச்சலிட்டபடி ஓடி வந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை ஊர்க்காரர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். பனி வண்டி செய்ய வேண்டிய வேலையைச் சூனியக்காரிகள் செய்தார்கள். ஒரு கூட்டம் தெருவைக் கூட்டியது. இன்னொரு கூட்டம் பாண் வானைத் திருப்பி ஓரம் தள்ளியது. மதிலோரம் சாய்ந்த கார் நேரானது. வரிசை அசையத் தொடங்கியது. வெள்ளை ஓப்பலின் சில்லுகள் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. சுற்றி வளைத்துத் தள்ளினோம். பனி வண்டிச் சாரதியும் வந்து சேர்ந்தார், வண்டி இல்லாமல், டிரம்பெட்டோடு. ஊதிக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். ஜன்னல்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மாமா கண்ணை இறுக மூடித் தேவாரம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை என் வீட்டு வாசல் வரை நானே தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தேன். நாதஸ்வரமும் மேளமும் வைத்தால்கூட இத்தனை சத்தமாக ஒரு மாப்பிள்ளை அழைப்பு அமைந்திருக்காது.

கார் நின்றதும் நான் வீட்டின் பின்பக்கமாக ஓடினேன். கபியின் சமையலறைக்குள் புகுந்து, கந்தலைக் கழற்றி எறிந்து, கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

தேத்தண்ணி

"கோப்பை வாங்கப் போனனியோ, செய்யப் போனனியோ? ஆக்கள் வந்து இருந்திட்டினம்!" என்று அம்மா சமையலறையில் பல்லைக் கடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முகமூடியின் விளிம்பு என் நெற்றியில் சிவப்பாக ஒரு வளைவு போட்டிருந்தது.

"இதென்னடி நெத்தியிலை?"

"கபி வீட்டுக் கதவிலை முட்டினது."

அம்மா அதன் மேல் பவுடரை அப்பித் தட்டைக் கையில் தந்தார்.

கூடத்தில் மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை வேட்டி ஈரம். அப்பா அப்போதுதான் தோளில் பனியோடு வந்து சேர்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி கொடுத்தேன். தயாபரன் கோப்பையை எடுத்தபோது அவர் விரல்கள் இன்னும் சிவப்பாகவே இருந்தன.

அம்மா ஆரம்பித்தார்.

"எங்கடை பிள்ளை வாயில்லாப் பூச்சி. தெருவிலை இறங்காது. முன்னப்பின்னத் தெரியாத ஆக்களோடை ஒரு வார்த்தை கதைக்காது."

மாமாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. தயாபரனின் தாயார் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"ஓம், பாத்தாலே தெரியுது" என்றார்.

மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டு விஷயத்துக்கு வந்தார். "அப்ப தரகர் சொன்ன மாதிரி, பிள்ளை படிப்பை விட்டிட்டு..."

அப்பா ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். கால் பெருவிரல் வரைக்கும் எனக்குப் பயம்.

"இல்லை மாமா." தயாபரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ படிப்பை முடிக்கட்டும். முடியுமட்டும் நான் ரயிலிலை வந்து போறன்."

மாமா அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். தாயார் கோப்பையை மேசையில் வைத்தார்.

"தம்பி சொல்லுறதுதான் சரி. பிள்ளை முடிக்கட்டும். இதிலை கதைக்க ஒண்டுமில்லை."

எனக்கு அப்போதே அந்த மனுஷியின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அம்மாவோ திகைத்துப்போய் நின்றார்.

"படிப்பைப் பற்றி நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே, அக்கா?"

"நீங்கள் கேக்கேல்லை. வாற வழியிலை ஒரு சூனியக்காரி கேட்டவ."

அம்மா மரியாதைக்குச் சிரித்தார். "சூனியக்காரியோ? என்ன பாஷையிலை கேட்டவ?"

"நல்ல வடிவான தமிழிலைதான். இந்த ஊரிலை தமிழ் வீடு ஒண்டே ஒண்டுதான் எண்டு தரகர் சொன்னவர்."

என் தட்டிலிருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன. அம்மா மெதுவாகத் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார்.